நடந்து போனவருக்குக் கப்பல் பரிசு

கேள்வி: வட அமெரிக்காவின் வடக்கே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் வடமேற்குப் பாதையைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் மெக்ளூர் கோஷ்டிக்கு 10,000 பவுண்டு கொடுத்தார்களாம். கப்பலைப் பனியில் விட்டுவிட்டு நடந்து போனவருக்கா? இது எந்த ஊர் நியாயம்?

பதில்: லண்டன் ஊர் நியாயம். அதிலும் பாதி சரி என்பதால்தான் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. 1850-ல் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் மெக்ளூரை அனுப்பியது, இதே பாதையைத் தேடிப் போய்க் காணாமல் போன ஜான் ஃபிராங்க்ளினைத் தேடுவதற்கு. பெரிங் நீரிணை வழியாக உள்ளே நுழைந்தவர், அந்த அக்டோபரிலேயே சறுக்குவண்டியோடு போய் மெல்வில் தீவுக்கு எதிரே உறைந்து கிடந்த கடலைப் பார்த்துவிட்டார். அந்தத் தீவுவரை அட்லாண்டிக் பக்கமிருந்து எட்வர்டு பேரி 1819-லேயே கப்பலில் வந்திருந்தார். ஆக, இரண்டு பெருங்கடல்களும் வடக்கே கைகோத்திருப்பது உறுதியாயிற்று. 1855-ல் நாடாளுமன்றம் காசு கொடுத்தது இந்த அறிவுக்கு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் வழக்கெல்லாம் பங்கு பிரித்ததில்தான். 1851 செப்டம்பரில் பேங்க்ஸ் தீவின் வடகரையில் ஒரு விரிகுடாவில் ஒதுங்கிய மெக்ளூர், அதற்குக் கடவுளின் கருணை என்று பெயர் சூட்டினார். கருணை அவரை வெளியே விடவே இல்லை. இரண்டு குளிர்காலம் போயிற்று. ரேஷன் சுருங்கியது, ஸ்கர்வி பெருகியது. 1852-ல் மெல்வில் தீவுக்கு நடந்து போய் அவர் விட்டுவந்த சீட்டு, கிழக்கிலிருந்து ரெசல்யூட் கப்பலில் வந்த ஹென்றி கெல்லட்டின் ஆட்களிடம் கிடைத்தது. 1853 ஏப்ரலில் கெல்லட் அனுப்பிய லெப்டினன்ட் பெட்ஃபோர்டு பிம் பனியில் நடந்து மெக்ளூரிடம் வந்து சேர்ந்தார். அதுவரை மெக்ளூரின் திட்டம் என்ன தெரியுமா? நோயாளிகளை நடையாய் அனுப்பிவிட்டு, திடமானவர்களோடு தான் கப்பலில் தங்குவது!

கெல்லட் வராவிட்டாலும் தப்பியிருப்போம் என்பது மெக்ளூர் தரப்பு வாதம். மருத்துவர்கள் பரிசோதித்தபின், கப்பலில் இருக்க யாருக்குச் சம்மதம் என்று கேட்டார்கள். முன்வந்தவர்கள் மிகச் சிலரே. கப்பலைக் கைவிட்டு எல்லோரும் கெல்லட்டின் கப்பலுக்கு நடந்தார்கள். தலைவரின் வாதத்துக்கு எதிரான சாட்சியம், அவருடைய மாலுமிகளின் கால்களே! அப்படியிருந்தும் கெல்லட் தரப்புக்குப் பரிசில் ஒரு காசும் போகவில்லை.

கேள்வி: ஃபிராங்க்ளினின் ஆட்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே?

பதில்: லண்டன் வாட்டர்லூ பிளேஸில் நிற்கும் ஃபிராங்க்ளின் சிலையும் அப்படித்தான் சொல்கிறது. 1848-ல் கப்பல்களை விட்டுவிட்டுக் கிங் வில்லியம் தீவில் தெற்கே நடந்தவர்கள், வேறொரு வழியின் விடுபட்ட பகுதியைப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை. வந்து சொன்னால்தானே கண்டுபிடிப்பு? அந்த அளவில் மெக்ளூர் பக்கம்தான் நான். கப்பலிலேயே முழுக்கக் கடந்தவர்தான் வேண்டுமென்றால், 1903 முதல் 1906 வரை பயணம் செய்து அதை முடித்த நார்வேக்காரர் அமுண்ட்செனுக்கு மாலை போடுங்கள்.

கேள்வி: கப்பல்கள் என்ன ஆயின?

பதில்: இன்வெஸ்டிகேட்டரை விட்ட இடத்திலேயே 2010-ல் கனடா ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். ரெசல்யூட் கதை வேறு. மேலதிகாரி பெல்ச்சர் உத்தரவுப்படி கெல்லட் 1854-ல் மனமில்லாமல் கைவிட்ட அந்தக் கப்பல், ஒரு மாலுமியும் இல்லாமல் பனியோடு கிழக்கே மிதந்து போய், 1855-ல் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரர்களிடம் சிக்கியது. அமெரிக்கா அதை விக்டோரியா ராணிக்குத் திருப்பித் தர, பின்னாளில் அதன் மரத்தில் செய்த மேசை 1880-ல் அமெரிக்க அதிபருக்கே போனது. கெல்லட்டுக்கு அதிலும் பங்கில்லை.