தேக்குத் தூணும் ஆயிரம் ரூபாயும்

கேள்வி: "இவ்வளவு பெரிய வீட்டு ஆச்சிக்கு எதற்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்?" என்று ஊரில் கேட்கிறார்கள். மனுவும் தள்ளுபடி. என் பங்கோ பங்காளிகளோடு பொதுவான வளவு வீட்டில் ஓர் அறைதான். என்ன செய்ய?
- ஒரு வாசகி, கீழச்சிவல்பட்டி

பதில்: ஆச்சி, தேக்குத் தூணை வைத்துக் குழம்பு கூட்ட முடியுமா? செட்டிநாட்டார் பர்மாவில் நடத்திய லேவாதேவி போய்விட்டது. பர்மா தேக்கு மட்டும் நின்றுவிட்டது.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் விதிகள் கேட்பது வேறு: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் கூடாது. தூணைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனக்குச் சந்தேகம் மீட்டர் மேல்தான். வளவிலுள்ள எல்லாப் புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) ஒரே மீட்டர் என்றால், ஏசி காற்று பங்காளிக்கு, யூனிட் உங்கள் கணக்குக்கு! மனுவில் எந்த மின் இணைப்பு எண்ணைக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். மறுப்புக் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

கள ஆய்வுக்கு யாராவது வந்தால் முகப்பில் உட்கார வைத்துவிடாதீர்கள். நேரே உங்கள் அறைக்கு அழைத்துப் போய், அங்கேயே காபி கொடுங்கள்.