ஓட்டை இல்லாத கேமரா

குடத்தில் ஓட்டை, கூரையில் ஓட்டை, பனியனில் ஓட்டை என்று ஓட்டை இருப்பதற்காகப் புலம்பிய பரம்பரை எங்களுடையது. ஓட்டை இல்லையே என்று புலம்பும் முதல் வாரிசு நான்தான்.

ஐம்பத்து நாலு வயது முடிந்ததற்கு எனக்கு நானே ஒரு கேமரா வாங்கிப் பரிசளித்துக்கொண்டேன். சோப்பு டப்பா அளவு, கறுப்பு நிறம். பேன்ட் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. ஜூம் கிடையாது. ஃப்ளாஷ் கிடையாது. திரையை மடக்கவோ சாய்க்கவோ முடியாது. முக்கியமாக, கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன ஓட்டை, வியூஃபைண்டர், கிடையாது. பின்பக்கம் மூன்று அங்குலத் திரை ஒன்று இருக்கிறது. பார்க்க வேண்டியதையெல்லாம் அதில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“மினிமலிசம் சார்” என்றான் கடைப் பையன். “தேவையில்லாதது எதுவுமே இதுல இல்ல.”

வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடம் சொன்னேன். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, பில்லைப் பார்த்தாள். “ஒவ்வொண்ணா துறந்தா சன்னியாசம்னு கேள்விப்பட்டிருக்கேன். துறக்கத் துறக்க விலை ஏறுறதை இப்பதான் பார்க்கறேன்” என்றாள்.

அவள் சொன்னதுதான் இன்றைய கேமரா உலகம். 2025-இல் சிக்மா கம்பெனி ‘பிஎஃப்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்த உடம்பு. ஒன்றைக் குடைய ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். மெமரி கார்டு சொருக இடமில்லை, உள்ளேயே 230 ஜிபி. வார் மாட்ட இரண்டு வளையம் இருப்பதுதானே வழக்கம், அதிலும் ஒன்றைத் துறந்துவிட்டார்கள். வியூஃபைண்டர் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மணி நேரம் குடைந்தவர்கள் கூடவே ஒரு பத்து நிமிடம் குடைந்திருந்தால் என் போன்றவர்களுக்கு ஓர் ஓட்டை கிடைத்திருக்கும். (என்னிடம் இருப்பது அதுவல்ல. அதை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை வாசல் படிக்கட்டில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பேன்.)

இத்தனைக்கும் ஓட்டை இல்லாத கேமரா புதுச் சங்கதியே இல்லை. 1888-இல் வந்த முதல் கோடக் கேமராவிலும் வியூஃபைண்டர் கிடையாது. மேல்பக்கத்தில் கவட்டை மாதிரி விரிந்த கோடுகள் இருக்கும். அந்தக் கவட்டைக்குள் எதிராளி நிற்கிறார் என்று தோன்றினால் அமுக்க வேண்டியது. நூறு படம் முடிந்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பினால், கழுவிப் பிரிண்ட் போட்டு, புது ஃபிலிமும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். 1900-இல் வந்த பிரௌனியும் அப்படித்தான், அதே கவட்டைக் கோடு. விலை ஒரு டாலர். ஒரு டாலர் அட்டைப் பெட்டியில் என்ன இல்லையோ அதுவேதான் என் கேமராவிலும் இல்லை. அன்றைக்குக் குத்துமதிப்பாகக் குறிவைத்தார்கள். நானும் குத்துமதிப்பாகத்தான் வைக்கிறேன், லித்தியம் பேட்டரி சார்ஜ் போட்டுவிட்டு.

என் வருத்தத்துக்கு வேர் அப்பாவிடம் இருக்கிறது. அவரிடம் ஓர் அக்ஃபா க்ளிக் 3 இருந்தது. 120 ஃபிலிம், ரோலுக்குப் பன்னிரண்டே படம். பொங்கலுக்கு இரண்டு, தீபாவளிக்கு மூன்று, யாராவது ஊரிலிருந்து வந்தால் ஒன்று என்று ரேஷன். அப்பா கேமராவைக் கண்ணுக்கு ஏற்றி இடது கண்ணை மூடினால் வீடு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அழுகிற குழந்தைகூட நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கும். “ரெடி” என்பார். அதற்கப்புறம் சிரிப்பவனுக்கு அடி உண்டு.

அந்த ஓட்டை லென்ஸுக்கு மேலே இருந்ததால் ஒரு சிக்கல். கிட்டத்தில் நிற்பவருக்கு ஓட்டையில் தலை தெரியும், படத்தில் இருக்காது. எங்கள் ஆல்பத்தில் சின்ன அத்தையைப் புடவையை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். “கட்டம் போட்டிருந்தா அத்தை, பூப் போட்டிருந்தா சித்தி.” ஆனாலும் யாரும் கேமராவைக் குறை சொன்னதில்லை. அப்பா கண்ணை மூடித்தானே எடுத்தார், தலை போனால் அது தலையின் தப்பு.

கல்யாணங்களுக்கு வந்த ஸ்டூடியோக்காரர் வைத்திருந்தது யாஷிகா மேட். இடுப்பருகே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற சாதனம். அதில் இடது வலதாகத் தெரியும் என்பதால், நகர்கிற ஆளைத் துரத்த எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் முன்னால் அவர் தலை குனிந்தே நின்றதில், மாப்பிள்ளையைவிட அவர்தான் நல்ல பையன் என்று பாட்டிகள் அபிப்பிராயப்பட்டார்கள்.

எனக்குக் குனியவும் வழியில்லை, கண்ணை மூடவும் வழியில்லை. கையை நீட்டிக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும். அறைக்குள் அது சரிதான். வெயிலில் போய்ப் பாருங்கள். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சத்தைக் கொட்டுகிறது. அதன் முன்னால் இந்தத் திரை, சூரியனுக்கு எதிரே ஏற்றிவைத்த அகல்விளக்கு. படம் தெரியாது. வழவழவென்று கறுப்புக் கண்ணாடியாகி என் மூஞ்சியைக் காட்டும். ஷேவ் செய்யாதது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

இதை முழுதாக உணர்ந்தது மயிலாப்பூரில், பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் அன்றைக்கு. மாட வீதியில் பிற்பகல் மூன்று மணி. வரிசையாக நாயன்மார்களின் பல்லக்குகள் வருகின்றன. கேமராவைத் தூக்கினேன். திரையில் நான், எனக்குப் பின்னால் ஒரு மோர்ப்பந்தல், பந்தலுக்கு மேல் ஒரு பலூன். முன்னால் வருகிற நாயனார் மட்டும் இல்லை. நம்பிக்கையே மூலதனம் என்று ஒன்பது முறை அமுக்கினேன். ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பல்லக்குத் தண்டு, கேபிள் டிவி ஒயர், அரைக் குடை, ஒரு போலீஸ்காரரின் காது. காது நல்ல ஃபோகஸில் இருந்தது.

நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மோர்ப்பந்தல்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். “மூடிக்கிட்டுப் பாருங்க, தெரியும்.” அந்தக் காலத்தில் முக்காலிக் கேமராக்காரர்கள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. துண்டைத் தலையோடு கேமராவுக்கும் சேர்த்துப் போர்த்தினேன். ஆகா! உள்ளே இருட்டு, மோர் வாசனை, அதற்கு நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு பல்லக்கு ஜொலித்துக்கொண்டு அசைந்து வந்தது. மாலையில் இருந்த சம்பங்கிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அப்படியே அரை மணி நேரம் நின்றேன்.

மறுநாள் பழைய ஆபீஸ் நண்பர் போன் செய்தார். குரலை மிகவும் தாழ்த்தி, “சார், தப்பா எடுத்துக்காதீங்க. பணம் ஏதாவது மாட்டிக்கிச்சா? நேத்து நீங்க வடக்கு மாட வீதியில தலையில துண்டைப் போட்டுக்கிட்டு நின்னீங்களாம்” என்றார். கேமராவின் விலையை நினைத்துப் பார்த்தேன். முழுக்க மறுக்க முடியவில்லை.

“போனுக்கும்தான் ஓட்டை இல்ல. அதுல எடுக்கறப்ப மட்டும் புலம்பறதில்லையே” என்பாள் மகள். போனின் திரை உள்ளங்கை அகலம், வெயிலைக் கண்டால் தானே வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளும். தவிர, போனில் எடுப்பதற்கு நான் தனியாகக் காசு கொடுக்கவில்லை. காசு கொடுத்த பொருளிடம்தானே குறை சொல்ல முடியும்?

அடுத்தது சாளேஸ்வரம். வெள்ளெழுத்து என்று டாக்டர் சொல்வார், எங்கள் வீட்டில் சாளேஸ்வரம்தான். நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்து கொடுக்காது. நல்ல வியூஃபைண்டர்களில் ஓரமாக ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் திருப்பி நம் கண் பவருக்குத் தோதாக வைத்துக்கொள்ளலாம், கண்ணாடியே வேண்டாம். திரைக்கு அந்தக் கருணை கிடையாது. தூரத்தில் வருகிற பல்லக்கு வெறுங்கண்ணில் பளிச்சென்று தெரியும், திரை தெரியாது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினால் திரை தெரியும், தெரு தெரியாது. மாட்டி, கழற்றி, மாட்டுவதற்குள் நாயனார் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். இரண்டும் சேர்ந்த பைஃபோகல் போட்டேன். அதில் கிட்டப்பார்வை கீழ்ப்பாதியில் இருப்பதால் முகவாயை நிமிர்த்திக்கொண்டு கீழ்க்கண்ணால் பார்க்க வேண்டும். கோழி தண்ணீர் குடிக்கும் தோரணை. படம் எடுக்கிற என்னைப் படம் எடுத்தவர்கள் உண்டு.

இதில் கை நடுக்கம் வேறு. ஓட்டைக் கேமராவை நெற்றியில் முட்டுக்கொடுத்து, இரண்டு முழங்கையையும் விலாவில் ஊன்றினால் உடம்பே முக்காலி. இதையோ ஆரத்தித் தட்டு மாதிரி நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தட்டும் ஆடும், கற்பூரமும் ஆடும்.

கேமராவின் உச்சியில் சொருகிக்கொள்கிற தனி வியூஃபைண்டர் கிடைக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். ஒரு குழாய், உள்ளே கண்ணாடி, கண்ணாடியில் ஒரு கட்டம். ஃபோகஸ் எங்கே விழுகிறது என்று அது சொல்லாது. கேமராவோடு அதற்குப் பேச்சுவார்த்தையே இல்லை, வாடகைக்குக் குடிவந்த மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும். விலை கேமராவில் கால்வாசி. ஓட்டையை விலை கொடுத்து வாங்கினேன் என்று மனைவியிடம் சொல்லும் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

பிறகு, பார்க்காமலே எடுத்தால் என்ன என்று தோன்றியது. இந்த அகல லென்ஸில் அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. ஃபோகஸை இரண்டு மீட்டரில் நிறுத்தி, எஃப் 8 வைத்துவிட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தொலைதூரம் வரை எல்லாமே போதுமான தெளிவில் விழும். கேமராவை இடுப்போடு வைத்துக்கொண்டு நடந்தபடியே அமுக்கலாம். ஜப்பானில் டைடோ மொரியாமா இப்படிப்பட்ட சின்ன ரிக்கோ கேமராக்களோடுதான் டோக்கியோ தெருக்களைச் சுற்றி உலகப் புகழ் பெற்றார். அவர் எடுத்த தெருநாய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நானும் லஸ் முனையிலிருந்து தெப்பக்குளம் வரை இடுப்பு உயரத்தில் நூற்றுப் பத்துப் படம் எடுத்தேன். அவர் படங்களில் நகரத்தின் தனிமை தெரியும். என் படங்களில் நகரத்தின் முழங்கால் தெரிந்தது. நாய் எனக்கும் கிடைத்தது. அது மிக அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தெருவில் இந்தக் கேமராவை யாரும் மதிப்பதில்லை, அது பெரிய வசதி. கண்ணுக்கு ஏற்றாதவரை நீங்கள் போட்டோக்காரர் இல்லை, ஏதோ பொத்தானை நோண்டுகிற ஆள். பூக்காரம்மா பூவைத் தொடுத்துக்கொண்டே இருப்பார், ஆட்டோக்காரர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்த மாட்டார்.

அதே விஷயம் கல்யாணத்தில் காலை வாரியது. போன தை மாதம் திருச்சியில் தங்கை மகன் கல்யாணம். பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எண்பத்தாறு வயது. வேட்டி மடிப்பைச் சரி செய்து, அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஒரு படம் எடுடா” என்றார். பெரியம்மா அவருக்கு இரண்டடி பின்னால், ஒரு பக்கமாக, தூணை ஒட்டி நின்றார். கேமராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுவது அவர் வழக்கம். குடும்பத்தின் ஐம்பது வருட ஆல்பங்களில் அவருக்கு ஒரு கால்வாசி முகம்கூடச் சேராது.

கையை நீட்டி இரண்டு எடுத்தேன். “ஆச்சு பெரியப்பா.”

“என்ன ஆச்சு?”

“எடுத்துட்டேன்.”

“எங்கடா எடுத்தே? நீ கண்ணையே மூடலியே!”

திரையைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. “உங்கப்பா எடுத்தா எப்படி எடுப்பான்! நீ என்னமோ சாப்பாட்டுத் தட்டை நீட்டற மாதிரி நீட்டறே. ஒழுங்கா எடு.” மறுபடி விறைப்பாகி, ஜில்லா கலெக்டர் மாதிரி நேரே பார்த்தார். கண்ணை மூடாமல் அவர் அசையப் போவதில்லை என்பது தெரிந்தது.

ஆகவே கேமராவைக் கண்ணுக்கு ஏற்றினேன். வலது கண்ணைத் திரையோடு ஒட்டி, இடது கண்ணை இறுக மூடி, அப்பா மாதிரியே “ரெடி” என்றேன். இமை முட்டுகிற தூரத்தில் என்ன தெரியும்? வெறும் வெளிச்சம். பொத்தானை இன்னும் அமுக்கவில்லை, அதற்குள் க்ளிக் என்றது. திரையைத் தொட்டால் தொட்ட இடத்தில் ஃபோகஸ் வைத்துத் தானே படம் எடுத்துக்கொள்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. மகள் எப்போதோ அதைப் போட்டுவைத்திருக்கிறாள். திரையைத் தொட்டது என் மூக்கு.

படத்தில் பெரியப்பா லேசாகக் கலங்கிப்போயிருந்தார். மூக்கு தேர்ந்தெடுத்தது அவருக்கு இடப்பக்கம், தூணருகே. சோப்பு டப்பாவை மூஞ்சியில் அப்பிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல், புடவைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோகிற கை பாதி வழியில் நிற்க, பெரியம்மா. முழு முகம். தோட்டுக் கல்லை எண்ணலாம், ஒரு காதில் ஏழு. மேல்வரிசையில் ஒரு பல் இல்லாதது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது.

பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா பார்த்துவிட்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. பெரியப்பா படத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, கோழி தண்ணீர் குடிப்பது போல முகவாயை நிமிர்த்தி, வெகுநேரம் பார்த்தார்.

“நான் கொஞ்சம் மசமசன்னு இருக்கேன். அது போகட்டும்” என்றார். “பார்த்தியா, கண்ணை மூடினதும் எப்படி விழுந்திருக்கு! இனிமே இப்படியே எடு.”