வருதாம் எஞ்சின்!

என்னா மாப்ள, செல்லுல அப்புடி வாயப் பொளந்துக்கிட்டு என்னத்தப் பாக்குற? ரேடியேட்டரே இல்லாத எஞ்சினா? உள்ள பூரா பீங்கானா? பேஷ்! மங்களூர்ல பொறந்து விருத்தாசலத்துல பீங்கான் படிச்ச ஆளு நீ. ஒனக்குப் புல்லரிக்காம வேற யாருக்குப் புல்லரிக்கும்?

ஆனா அது நேத்து மொளச்சது இல்லடா. அமெரிக்காவுல கம்மின்ஸ் கம்பெனியும் பட்டாளமும் சேந்து, 1980கள்லயே அஞ்சு டன் லாரியில ரேடியேட்டர், ஃபேன், தண்ணி பம்பு எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு ஓட்டிக் காட்டிட்டாங்க. வீணாப் போற சூட்ட உள்ளயே மடக்குனா டீசல் மிச்சம்னு கணக்கு. லாரியும் ஓடுச்சு. அப்பறம்? அந்தச் சூட்டுக்கு ஆயில் தாங்கல. உள்ள வர்ற காத்து உப்பிக்கிட்டு, வேண்டிய அளவு நொழையல. மடக்குன சூட்டுல பெரும்பங்கு சைலன்சர் வழியா நழுவிடுச்சு. இன்னிக்கு வேப்பூர் கூட்ரோட்டுல போயி நில்லு. ரேடியேட்டர் இல்லாத டீசல் லாரி ஒண்ணு வந்தா எனக்கும் போன் போடு.

பீங்கான் மேல எனக்கென்ன கோவம்? ஸ்பார்க் பிளக்குல அந்த வெள்ளப் பீங்கான் இல்லன்னா ஒன் பைக்கு உறுமுமா? நிசான்காரன் 1985ல டர்போ சக்கரத்தையே பீங்கான்ல செஞ்சு, காருல வச்சு வித்தான். சின்ன சாமான், சோதிச்சுச் சோதிச்சு எடுத்துடலாம். முழு எஞ்சின்னா? சூளை பிரிக்கிற அன்னிக்கு நீயே பாத்துருப்ப, ஒண்ணொண்ணா வெரலால சுண்டுவாங்க. 'டிங்'குன்னா கூடையில, 'டொக்'குன்னா உள்ள கீறல், குப்பையில. பியூஸ் கட்டை நாலு போனா மொதலாளி மூஞ்சியச் சுளிப்பாரு, அதோட சரி. இரும்பு நெளிஞ்சு வளஞ்சு சேதி சொல்லிட்டுப் போவும். பீங்கான் சொல்லாம கொள்ளாமப் போயிடும். ஓடுற லாரிய நடுரோட்டுல நிறுத்தி எவன் சுண்டிப் பாக்குறது?

நம்ம நாட்டுக் கதையும் இருக்கு, அது பீங்கான் இல்ல, ஆனா ஓட்டிப் பாத்தும் கரை சேராத எஞ்சின்தான். பெங்களூர்ல தேஜசு போர் விமானத்துக்குன்னு காவேரி எஞ்சின், 1989ல அனுமதி ஆச்சு. எடை கூடிப்போச்சு, வேணுங்கிற தள்ளு வரல. 2008ல தேஜசுலேர்ந்து பிரிச்சு உட்டாங்க. 2010ல ரஷ்யாவுல ஒரு பெரிய விமானத்துல மாட்டிப் பறக்கவும் உட்டுப் பாத்தாங்க. தேஜசு இன்னிக்கும் அமெரிக்க எஞ்சின்லதான் பறக்குது. ஆளில்லா விமானத்துக்கு ஆவும்ங்கிறாங்க, ஆவட்டும். காவேரித் தண்ணியாவது வீராணம் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுது.

என்னது, செல்லுல பாத்த அந்தப் பீங்கான் எஞ்சினுக்கு ஏஜென்சி எடுக்க கம்பெனிக்காரன் முன்பணம் கேக்குறானா? தாராளமா கட்டு மாப்ள. என் தங்கச்சி கழுத்துல கெடக்குறது எதுக்கு, கழட்டி அடவு வையி! கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளு: பிஸ்டன் ரிங்கு விருத்தாசலத்துல எந்தக் கடையில கெடைக்கும், செட்டு என்னா வெல? பட்டுனு பதில் சொன்னான்னா எனக்கும் சேத்து ரெண்டாக் கட்டிடு.

இப்ப எழுந்திரு. கரண்டு இல்ல, மக்காச்சோளம் சுருண்டு நிக்கிது. மோட்டார் கொட்டாயில அந்தக் கெழட்டு ஆயில் எஞ்சின் கெடக்கு பாரு, போயி ஹேண்டிலச் சுத்து. ரேடியேட்டர் வேணாம்னு அதுகிட்ட மட்டும் சொல்லிடாத.