கண்ணுப் புள்ளைக, காதுப் புள்ளைக

ஏங்கண்ணு, கோயமுத்தூர்ல பரதம் படிச்சுப்போட்டு வந்து நம்மூர்க் கல்யாண மண்டபத்துல வகுப்பு ஆரம்பிச்சயே, இந்த அப்புச்சிக்கு ரொம்பச் சந்தோசம். சந்தோசத்தைக் கேட்டுப்போட்டயல்ல, இனி மிச்சத்தைக் கேளு.

சேர வர்ற புள்ளைக கையில ஒரு கேள்வித்தாளைக் குடுக்கறயாமா, உங்கொம்மா சொன்னா. பார்த்தாப் புரியுமா, கேட்டாப் புரியுமா, செஞ்சாப் புரியுமான்னு. ஏழு வயசுப் புள்ளை என்னத்தைச் சொல்லும்? பக்கத்துப் புள்ளை எதுல டிக் அடிச்சுதோ அதுலதான் இதுவும் அடிக்கும். அதை நம்பி, ஆட்டைப் பட்டி பட்டியாப் பிரிச்சு அடைக்கற கணக்கா, கண்ணுப் புள்ளைக ஒரு மூலை, காதுப் புள்ளைக ஒரு மூலை, ஒடம்புப் புள்ளைக ஒரு மூலைன்னு நிக்க வெச்சுட்டே. காதுக்காரிகளுக்குச் சொல்லுக்கட்டு மட்டும், கண்ணுக்காரிகளுக்கு டீவியில வீடியோ. ஃபீசுல மட்டும் பிரிவினையே இல்லை, எல்லாருக்கும் ஒண்ணு.

இந்த ரோசனை எங்கிருந்து வந்துச்சுன்னு பேரனைக் கேட்டேன். போனைத் தட்டிப் படிச்சுச் சொன்னான். நியூசிலாந்துக்காரர் நீல் ஃபிளெமிங், 1992ல இப்படியொரு கேள்வித்தாளைக் கொண்டாந்தாராமா. அவரு பிரிச்சது நாலு: பார்க்கறது, கேக்கறது, படிச்சு எழுதறது, செய்யறது. நீ ஒண்ணை விழுங்கிப்போட்டே, போகுது உடு. பொறவு 2008ல அமெரிக்காவுல ஹெரால்ட் பேஷ்லர்னு ஒரு பேராசிரியரும் கூட மூணு பேரும், அதுவரைக்கும் நடந்த ஆராய்ச்சியெல்லாம் எடுத்துப் பார்த்திருக்காங்க. ஆளுக்கொரு வழி பிடிக்குதுங்கறது நெசந்தான். பிடிச்ச வழியிலயே சொல்லிக்குடுத்தா எச்சாக் கத்துக்குவாங்கங்கறதுக்குத்தான் போதுமான ஆதாரம் இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க. உனக்கு இது தெரிஞ்சிருக்கும். ஆனாக் கேள்வித்தாளை ஆயிரம் காப்பி அடிச்சுட்டயே, வீணாகுமா என்ன.

அட, ஆராய்ச்சி கெடக்குது. உன்ற கையில இருக்கற தட்டுக்கழியைப் பாரு. அது தட்டுமனையில விழுந்தா காதுக்கு. "தெய்யா தெய்"னு சொன்னா நாக்குக்கு. உன்ற அரைமண்டி கண்ணுக்கு. அரைமண்டியில நின்னு அதுக தொடை நடுங்கறது ஒடம்புக்கு. ஒரு தட்டடவுக்குள்ளயே அத்தனையும் ஒட்டுக்கா வருதே, அதை எதுக்குப் பங்கு பிரிக்கறே?

பாலசரசுவதி அம்மாவை உங்க காலேஜுல படம் போட்டுக் காட்டியிருப்பாங்களே. கந்தப்பப் பிள்ளைகிட்ட அடி தட்டிப் படிச்சு, 1925ல காஞ்சிபுரத்துல ஏழு வயசுல அரங்கேறினவங்க. வீணை தனம்மாளோட பேத்தி. வளர்ந்து பெரியவங்களானப்பறம் தானே பாடிக்கிட்டு அபிநயம் பிடிப்பாங்களாமா. அவங்க உன்ற மண்டபத்துக்கு வந்திருந்தா எந்தப் பட்டியில அடைச்சிருப்பே?

புள்ளைக எல்லாம் ஒரே அச்சுன்னு நான் சொல்ல வரலை அம்மிணி. எங்க முட்டிக்கிட்டு நிக்குதுங்கறதுலதான் ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. ஒருத்தி நல்லா ஆடறாப்புலதான் இருக்கும். உத்துப் பாரு, பக்கத்துக்காரி காலைப் பார்த்துப் பார்த்து அரை அடி பின்னாலயே வருவா. அவளைக் கண்ணை மூடி ஆடச் சொல்லு, வண்டவாளம் தெரியும். இன்னொருத்தி ஜதியெல்லாம் வாயில கடகடன்னு ஒப்பிப்பா, கால் மட்டும் அசையாது. அவளை உக்கார வெச்சு, முதல்ல கையால தரையில தட்டச் சொல்லு. கைக்கு வந்தது காலுக்கு எறங்கும். ரெண்டாங்காலத்துல பிச்சு ஒதறறவ முதல் காலத்துல தள்ளாடுவா. அவ வேகத்துல மறைச்சு வெச்சிருந்ததெல்லாம் மெதுவா ஆடறப்ப வெளிய வந்துரும். அவளை மெதுவாவே ஆட விடு.

கண்ட நடையை ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு எண்ணிக் குடுக்கறயே, அது ரேசன் கடைக் கணக்கு. "தக தகிட"ன்னு சொல்லிப் பாரு. ரெண்டும் மூணும் சேர்ந்ததுன்னு காலுக்கே வெளங்கும்.

இன்னொண்ணு. நீ எதிர்ல நின்னு வலக்கையை நீட்டறே. பாதிப் புள்ளைக வலக்கையை நீட்டுது. மீதி, உன்ற கை எந்தப் பக்கம் தெரியுதோ அந்தப் பக்கம் இடக்கையை நீட்டுது. இடக்கை நீட்டற பாதிக்கு மந்தம்னு பேரு வெச்சுட்டே. மந்தமில்லை கண்ணு, நீ எப்படித் தெரியறயோ அப்படியே செய்யுதுக. முதுகைக் காட்டி நின்னு ஆடு. முதுகு காட்டினா அதுக கூத்தடிக்கும்னு பயமா இருந்தா, முன்னால ஒரு கண்ணாடியை நிறுத்து. உனக்குச் சீதனமா வந்த பீரோவுல ஆள் ஒசரத்துக்குக் கண்ணாடி சும்மாத்தானே கெடக்குது.

நம்ம வள்ளி கும்மியை எட்டிப் பார்க்கக்கூட உனக்கு நேரமில்லை, பெரிய படிப்பு. வட்டத்துல முன்வரிசை ஏது, பின்வரிசை ஏது? ஆசிரியர் பாடப் பாட எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கிட்டே கை தட்டிச் சுத்தறாங்க. பாட்டு மாறினா அடி மாறும். மாத்தி வெச்சவன் பக்கத்து ஆளு மேல முட்டிக்குவான், அவனுக்குத் தனியாச் சொல்லவே வேண்டாம். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டிப் பத்திரப்பன், ஆம்பளைக மட்டும் ஆடின இந்த ஆட்டத்துல பொம்பளைகளையும் சேர்த்துப் பழக்கினவரு. 2024ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவரு யாருகிட்டயும் கேள்வித்தாள் குடுத்ததா நான் கேள்விப்படலை.

உன்ற வகுப்புலயோ, ஃபோட்டோவுக்கு நல்லா விழற நாலு புள்ளைகளுக்கு முன்வரிசையே நெலபொலமாப் போச்சு. பின்வரிசை அதுக முதுகைப் பார்த்தே மாசத்தை ஓட்டுது. நாளைக்கு வெள்ளென போயி வரிசையைத் திருப்பிப் போடு; வாராவாரம் மாத்து. முன்னால இருந்ததுக முழிக்கும், பின்னால இருந்ததுக முதல்ல பயந்து பொறவு ஆடும். முன்வரிசைப் புள்ளைகளோட அம்மாமாருக சத்தம் போட்டுக்கிட்டு வந்தா கம்முனு இங்க தாட்டி விடு, ஒரு காப்பித்தண்ணி குடுத்து நான் பழமை பேசிக்கறேன்.