லேக், டாங்க் பொருள் வேறுபாடு: கண்டி மரபை முன்வைத்து ஒரு விசாரணை

தண்ணீர் தேங்கிக் கிடந்தால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் இவ்விடத்திலேயே எழுந்து போகலாம். ஒன்றாகக் கிடப்பதை இரண்டாக்குவதற்குத்தான் ஆய்வு என்று பெயர்.

முதலில் சொல்லின் பிறப்பு. டாங்க் போர்த்துக்கேயம் தந்தது என்பர் ஒரு சாரார். குஜராத்தி தந்தது என்பர் மறுசாரார். கூரைமேல் வெயில் காயும் கறுப்புப் பிளாஸ்டிக் டாங்க் பற்றி இரு சாராரும் வாய் திறப்பதில்லை. யுத்த டாங்கி நம் வரம்புக்கு வெளியே.

இனிக் கண்டி. கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல், தலதா மாளிகைக்கு முன்னே கிடந்த வயலை அணைகட்டி மறித்தார். ஆள் கட்டியது, அணையும் உண்டு. ஆகவே டாங்க் என்றே முடிவாகியிருக்க வேண்டும். ஆனால் 1815இல் ஆங்கிலேயர் அரசரைப் பிடித்து, பிறகு வேலூருக்குக் கப்பலேற்றினார்கள்; பெயர் வைக்கும் வேலையும் அவர்கள் கைக்குப் போனது. கண்டியில் இருப்பது லேக். மன்னாரின் கட்டுக்கரைக் குளம் 'ஜயன்ட்ஸ் டாங்க்'. நுவரெலியாவில் தேசாதிபதி கிரகரி 1873இல் சதுப்பை மறித்து உண்டாக்கியதோ, கேட்கவே வேண்டாம், லேக்.

இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: வயலுக்குத் தண்ணீர் கொடுத்தால் டாங்க், வயலையே விழுங்கினால் லேக்.

இரண்டாவது, ஜன்னல் விதி. அறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிந்து, அதற்காக வாடகையும் ஏறினால் அது லேக். 'டாங்க் வியூ' என்று சொல்லி எவரிடமும் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்க முடியாது. கழுத்தை எட்டி நீட்டித் தெரிந்தால்? அதுவும் வியூவே என்கிறது கல்லாப்பெட்டி உரை (பில் புத்தகம், பின்னட்டை, எண்ணெய்க் கறைக்குக் கீழே). பாப்கோர்ன்காரர் மரபு இதை மறுக்கும்: மீனுக்குப் போடவென்று ஆட்கள் பாப்கோர்ன் வாங்கும் இடமே லேக், ஜன்னல் மிகை. மூன்றாவது பாடமும் உண்டு. பஸ் டிக்கெட் ஒன்றின் மறுபக்கத்தில், பென்சிலில், மழையில் நனைந்து எஞ்சியது 'லே' என்ற ஓரெழுத்து. அதை 'லேகியம்' என்று வாசித்த அறிஞர் அதற்கே முனைவர் பட்டம் பெற்றார். நீர்நிலையை மருத்துவத் துறைக்கு மாற்றக் கோரி இப்போது இரண்டாம் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறார். அவர் வாசிப்பு தவறு என்பதற்கு ஆதாரம் என் முந்தைய கட்டுரை. அதற்கு ஆதாரம் இந்தக் கட்டுரை.

கண்டி லேக்கின் நடுத்தீவு பற்றி ஒரே வரி: அரசர் காலத்தில் அந்தப்புரம் என்பர், ஆங்கிலேயர் காலத்தில் வெடிமருந்துக் கிடங்கு.

எஞ்சியிருப்பது ஓர் எதிர்க்கருத்து. கபரகொய்யா என்னும் நீர் உடும்பு லேக்கிலும் டாங்கிலும் ஒரே மாதிரித்தான் நீந்துகிறது. கரையேறி ஒரே மாதிரித்தான் நாக்கை நீட்டுகிறது. பிறந்தது முதல் தண்ணீரிலேயே கிடந்து ஆராய்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் ஆய்விதழ்களில் அதன் பெயரில் கட்டுரை எதுவும் வெளிவராததால், அக்கருத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.