வாயுள்ள பிள்ளை

நெய்வேலி நகரியத்தில் என் வீடு இருப்பது பதினேழாம் வட்டத்தில். ஆட்டோக்காரரிடம் நான் சொல்வது இருபத்தொன்று. 'ப' எனக்கு வராது. 'இ' பெரும்பாலும் தயவு காட்டும். ஆகவே இருபத்தொன்றில் இறங்கி, காசைக் கொடுத்துவிட்டு, மர நிழலில் நடந்தே வீடு சேர்வேன். "தினமும் வாக்கிங் போறீங்களே சார், நல்ல பழக்கம்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "ஆமாம்" என்பேன். 'ஆ' வரும்.

நாற்பது வயதாகிறது. டீக்கடையில் இதுவரை நான் காபி குடித்ததில்லை. 'கா' தொண்டையில் சிக்கி நிற்கும்போதே பின்னால் நிற்பவர், "அண்ணனுக்கு ஒரு டீ" என்று முடித்துவிடுவார். ஊர் முழுக்க இப்படிச் சொல்முடிப்பாளர்கள், கூலி வாங்காத தொண்டர்கள். ஒருமுறை மருந்துக்கடையில் நான் "த... த..." என்றதும், தலைவலிக்கு வந்தவனுக்குத் தொண்டைக் கரகரப்பு மாத்திரையைக் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். மறுத்துச் சொல்ல இன்னொரு வாக்கியம் வேண்டுமே!

வைத்தியத்துக்கும் குறைவில்லை. சின்ன வயதில் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். வசம்புக்கு நம் வீடுகளில் 'பேர் சொல்லா மருந்து' என்று பெயர். தன் பெயரையே சொல்லவிடாத மருந்து, தன் பெயரைச் சொல்ல முடியாத பையனுக்கு! "பாடினா திக்காதாமே, பாடிப் பாரேன்" என்றார் ஒரு மாமா. உண்மைதான், பாடும்போது பெரும்பாலும் திக்காது. ஆனால் சம்பள உயர்வை எந்த ராகத்தில் கேட்பது மாமா, கல்யாணியிலா முகாரியிலா?

பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் திக்கிப் பேசுகிறார், ஆண்களே அதிகம். பேச்சை நேரத்தோடு கோக்கும் வேலை மூளையில் சற்று வேறுவிதமாக நடக்கிறது, அவ்வளவுதான். இதில் மரபணுவுக்கும் பங்குண்டு என்று 2010-லேயே கண்டறிந்து எழுதிவிட்டார்கள். நம் தெருவுக்கு இன்னும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. இங்கே "பதட்டப்படாதே" ஒன்றுதான் மருந்து, அதையும் பதட்டத்தோடுதான் கொடுப்பார்கள். சினிமாவோ நாயகனின் நண்பனைத் திக்க வைத்துக் கொட்டகையைச் சிரிக்க வைக்கும். அடுத்த நாள் டீக்கடையில் அந்தச் சிரிப்பின் மிச்சம் என் தலையில் விழும்.

வெளியூரில் ஒரு நேர்முகத் தேர்வு. இயந்திர வரைபடம் போடும் வேலை. எதிரே ஐந்து பேர். முதல் கேள்வி: "உங்கள் பெயர்?" காபிக்குப் பதில் டீ சொல்லலாம், பதினேழுக்குப் பதில் இருபத்தொன்று சொல்லலாம். அப்பா வைத்த பெயருக்கு மாற்றுச் சொல் எங்கே தேடுவது? ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் "ரிலாக்ஸ்" என்றார். மூன்றாமவர், "பெயரே மறந்துபோச்சா?" என்று சிரித்தார். பேச்சுத் திறன் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். வரைபடத்தை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

சரி, சட்டத்திடம் போவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பேச்சுக் குறைபாடும் அதில் உண்டு. ஆனால் குரல்வளையை எடுத்துவிட்டவர்கள், மூளை பாதித்துப் பேச்சிழந்தவர்கள் என்றுதான் எடுத்துக்காட்டு. திக்குவாய் என்ற சொல்லே அங்கு இல்லை. இடஒதுக்கீடு வேண்டுமென்றால் 40 சதவீதக் குறைபாடு வேண்டும். ஆக, சான்றிதழ் கேட்டால் "நீதான் பேசுகிறாயே". வேலை கேட்டால் "உனக்குப் பேச வரவில்லையே". சட்டமும் என் விஷயத்தில் திக்குகிறது. அதை மட்டும் யாரும் கேலி செய்வதில்லை.

அழகாகப் பேசுகிறவர்களை மட்டும் இந்த மண் கேட்காமலா இருந்தது? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தால் வீட்டுக்கு ஒரு வேலை என்று மேடையில் முழங்கியவர்களுக்கு ஓர் எழுத்தும் திக்கவில்லை. மைக்கில் கொடுத்த வாக்குறுதிகளை யாரும் "ரிலாக்ஸ்" என்று இடைமறிக்கவில்லை.

இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்குவாய்க்காரர். "எப்போதும் திக்குவீர்களா?" என்று கேட்டவரிடம், "இல்லை, பேசும்போது மட்டும்" என்று அவர் சொன்னதாகக் கதை உண்டு. 1957-ல் கேரளம் அவரை முதலமைச்சராக்கியது. பதின்மூன்று வயதில் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய அன்யூரின் பெவனும் திக்கினார். 1948-ல் பிரிட்டனின் இலவச மருத்துவச் சேவையைத் தொடங்கிவைத்த அமைச்சர் அவர்தான். நம் நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்தால் இருவரும் முதல் கேள்வியிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இத்தனைக்கும் பொறுமை இந்த ஊருக்குத் தெரியாததல்ல. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்துக் கிணற்றில் கருப்பாக ஏதோ வந்தது. 1956-ல் சுரங்க நிறுவனம், 1957-ல் சுரங்கம், 1961-ல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. ஒரு டன்னுக்கு ஐந்து கனமீட்டருக்கு மேல் மேல்மண்ணை அள்ளிக் கொட்டுகிறோம். அடியிலிருந்து முட்டும் ஊற்றை இரவும் பகலும் இறைக்கிறோம். "உள்ளே என்னதான் இருக்கிறது, சீக்கிரம் சொல்" என்று பூமியை அதட்டியவர் யாருமில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி வளர்த்தீர்கள். வாய் இருக்கிறது ஐயா, காதுக்குத்தான் தட்டுப்பாடு. நாளைக்கு ஆட்டோவில் ஏறி இருபத்தொன்று என்று சொல்லப் போவதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு உட்காருங்கள் அண்ணே. பழுப்பு நிலக்கரிக்குக் கால் நூற்றாண்டு காத்திருந்த ஊர், என் 'ப'வுக்கு அரை நிமிடம் காத்திருக்கட்டும்.