நான்கு காலனுக்குக் குறையாமல் வாங்கவும்

பெறுநர்: சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாஷிங்டன், அமெரிக்கா.

பொருள்: சிறிது நேரம் ஓடிவிட்டு நின்றுபோகும் புல்வெட்டும் வண்டி குறித்து.



புல்தரை பெரிதாக உள்ள அமெரிக்க வீடுகளில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி ஒன்று நிற்கும். சாவியைத் திருப்பினால் சமர்த்தாகக் கிளம்பும். பாதிப் புல்லை வெட்டியதும் நின்றுவிடும். கொஞ்சம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். உரிமையாளர் முதலில் வண்டியைத் திட்டுவார், அடுத்து மெக்கானிக்கை, கடைசியில் பெட்ரோலை. தங்கள் பெயர் மட்டும் அவர் வாயில் வருவதே இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த மனு.

2010 அக்டோபரில், 15 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலை 2007-ம் ஆண்டு மாடல் முதலான கார்களுக்கு அனுமதித்தீர்கள். 2011 ஜனவரியில் 2001 மாடல் வரை அந்த அருள் நீண்டது. புல்வெட்டி, படகு, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு மட்டும் அது ஆகாது. ஊற்றினால் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நியாயம்தான். ஆனால் ஆகும் பெட்ரோலும் ஆகாத பெட்ரோலும் ஒரே பெட்ரோல் பங்க்கில் கிடைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது உள்ளங்கை அளவு ஆரஞ்சு நிற ஸ்டிக்கர். கேனைத் தூக்கிக்கொண்டு வருபவரின் கண் அதில் விழாது, சில சென்ட் குறைவாக இருக்கும் விலையில்தான் விழும்.

ஸ்டிக்கர் போதாது என்று தாங்களும் ஒரு கட்டத்தில் உணர்ந்தீர்கள். புல்வெட்டிக்கு ஆகும் 10 சதவீதக் கலவையும் ஆகாத 15 சதவீதக் கலவையும் ஒரே குழாயில் வந்தால், முந்தையவர் வாங்கியதன் மிச்சம் குழாயில் தங்கிவிடும். எனவே, அந்த மிச்சம் நீர்த்துப்போகும்படி, அப்படிப்பட்ட பங்க்குகளில் எவரும் 4 காலனுக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்று 2012-ல் விதித்தீர்கள். கிட்டத்தட்ட 15 லிட்டர்! பல புல்வெட்டும் வண்டிகளின் டேங்க்கே 2 அல்லது 3 காலன்தான். நடந்து தள்ளும் சிறிய வண்டிக்கு ஒரு காலன்கூட வேண்டாம். டேங்க்கைப் பெரிதாக வளரச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தால் திட்டம் முழுமை பெற்றிருக்கும். மோட்டார் சைக்கிள்காரர்களின் சங்கம் சத்தம் போட்ட பிறகு வேறு வழிகளுக்கும் இடம் கொடுத்தீர்கள்.

பழியெல்லாம் தங்களுக்கே என்று சொல்வது அநியாயம். ஆண்டுக்கு 1,500 கோடி காலன் வரை மக்காச்சோள எத்தனாலுக்கு இடம் ஒதுக்கும் சட்டத்தை 2007-ல் இயற்றியது நாடாளுமன்றம். நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. அவ்வளவையும் எங்காவது ஊற்றித்தானே ஆக வேண்டும்?

புல்வெட்டியில் ஊற்றினால்தான் வம்பு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுக்க டேங்க்கில் கிடந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மிஞ்சினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர் குழாய்கள் ஊறிக் கெடும். பழைய பெட்ரோலின் பிசின் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். எத்தனாலில் உள்ள ஆக்சிஜனுக்கு ஏற்ப எரிபொருள் அளவைத் திருத்திக்கொள்ளக் காரில் சென்சார் உண்டு. சாதாரண கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. அது சூடேறத்தான் செய்யும்.

ஆனால் ஓடி நிற்கும் வண்டிகள் அத்தனைக்கும் எத்தனாலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பல நேரம் குற்றவாளி டேங்க் மூடி. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வரும் வழியைத் தூசி அடைத்தால் டேங்க்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. நின்றதும் மூடியைத் தளர்த்தினால் ‘உஸ்’ என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும், வண்டியும் கிளம்பும். மூடியை மாற்றினால் வேலை முடிந்தது. புதிய வண்டிகள் சிலவற்றில் காற்று மூடி வழியாக வராது, தனிக் குழாய் வழியாக வரும். அவற்றுக்கு அதே வகை மூடியைத்தான் வாங்க வேண்டும்.

மூடியில் குறை இல்லையென்றால் அடுத்தது இக்னிஷன் காயில். சூடானதும் பொறி தராமல் படுத்துவிடும், ஆறினால் எழுந்துகொள்ளும். ஆகவே வண்டி நின்ற சூட்டோடு பொறியைச் சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. சீட்டுக்கு அடியில் உள்ள பாதுகாப்பு சுவிட்சும் அதில் சேர்த்தி. இருமித் தடுமாறி நின்றால் பெட்ரோல் வரும் வழியில் கோளாறு.

இனி தங்கள் விதிகளுக்கு வருவோம். 225 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள புல்வெட்டி எஞ்சின்கள் ஒரு கிலோவாட் மணிக்கு ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து 8 கிராமுக்கு மேல் விடக் கூடாது என்று 2008-ல் விதி எழுதி, 2011 முதல் அமலாக்கியதும் தாங்களே. டேங்க்கிலிருந்து கசியும் ஆவிக்கும் கணக்கு வைத்தீர்கள். காற்று அதனால் சுத்தமானது, அதற்கு நன்றி. கிராமை அளக்கத் தெரிந்த முகமைக்குக் கேனின் கொள்ளளவு தெரியாமலிருக்க நியாயமில்லை.

ஆகவே, 15 சதவீதக் கலவை விற்கும் ஒவ்வொரு பங்க்கிலும் சிறிய எஞ்சின்களுக்கென்று எத்தனால் கலக்காத பெட்ரோல் தரும் தனிக் குழாய் ஒன்றைக் கட்டாயமாக்கும்படியும், அதுவரை அந்த எச்சரிக்கையை விலைப்பலகையில் உள்ள எழுத்தின் அளவிலேயே அச்சிடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
பாதி வெட்டிய புல்தரையின் உரிமையாளர்கள் சார்பில்